இரண்டு மெஷினுக்கும் ஒரே அட்ரஸ்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் கிளவுட் கம்ப்யூட்டிங் லேப் என்று ஒன்று உண்டு. 2021 பாடத்திட்டத்திலும் பாட எண் மாறி அதன் பயிற்சிகள் தொடர்கின்றன. முதல் பயிற்சி, விர்ச்சுவல்பாக்ஸையோ விஎம்வேரையோ நிறுவி அதற்குள் ஒரு லினக்ஸை ஏற்றுவது. இதை எல்லோரும் செய்துவிடுவார்கள். பட்டியலில் கொஞ்சம் கீழே இன்னொரு வரி இருக்கும்: ஒரு விர்ச்சுவல் மெஷினிலிருந்து இன்னொரு விர்ச்சுவல் மெஷினுக்கு ஃபைல் அனுப்பும் வழியைக் கண்டுபிடி. கேட்க எளிது. ஆனால் பிள்ளைகள் முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

திருமுக்கூடலில், பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் வரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். கடைசி வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஜல்லி லாரி போகும்போதெல்லாம் லேப்டாப்பைத் துண்டால் மூடுவான், தூசி அடங்கியதும் திறப்பான். இந்த ஊருக்கு மாணவர்கள் புதிதில்லை. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11-ம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு கல்லூரியும் மாணவர் விடுதியும் 15 படுக்கை கொண்ட ஆதுரசாலையும் நடந்ததைச் சொல்கிறது. மாணவர்களுக்குப் பாய், குளியலுக்கு எண்ணெய் வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

"பிங் வருதுண்ணா. எஸ்சிபி போட்டா நூறு பர்சென்ட்னு காட்டுது. அந்த மெஷின்ல போய்ப் பார்த்தா ஃபைலைக் காணோம்."

திரையை என் பக்கம் திருப்பினான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உபுண்டு. இரண்டிலும் 'ஐபி ஏ' என்ற கமாண்டை அடித்து வைத்திருந்தான். இடது பக்கம் 10.0.2.15. வலது பக்கமும் 10.0.2.15.

"ரெண்டும் ஒரே நம்பரா இருக்கே தம்பி, கவனிக்கலியா?"

"கவனிச்சேண்ணா. ரெண்டும் ஒரே லேப்டாப்லதான ஓடுது, அதான் ஒரே நம்பர் குடுத்திருக்கும்னு நெனச்சேன்."

தப்புதான், ஆனால் நியாயமான நினைப்பு. பிங் பதிலைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 0.04 மில்லிசெகண்ட் சுமார். அடுத்த மெஷினுக்குப் போய்த் திரும்புகிற பதில் இவ்வளவு சீக்கிரம் வராது. இதைப்போலப் பல மடங்கு ஆகும். இடது மெஷினின் டெம்ப் ஃபோல்டரைத் திறந்தோம். அனுப்பிய ஃபைல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. 10.0.2.15-ஐக் கூப்பிடு என்றால், "அது நான்தானே" என்று தானே பதில் சொல்லி, ஃபைலையும் தானே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

சில பேர் இந்தப் பயிற்சியை ஷேர்டு ஃபோல்டர் வைத்து முடித்துவிடுவார்கள். இரண்டு மெஷினுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டரைக் காட்டினால் ஃபைல் போய்ச் சேர்ந்துவிடும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழும். நெட்வொர்க்கைப் பற்றி மட்டும் எதுவும் தெரியாமல் போகும். அதைத்தான் இந்தப் பயிற்சி கேட்டது என்பது என் எண்ணம்.

டீ வந்தது. முதலில் விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் அடாப்டர் என்பது என்ன என்று பேசினோம்.

விர்ச்சுவல் மெஷினை கெஸ்ட் என்றும், அதைத் தாங்குகிற லேப்டாப்பை ஹோஸ்ட் என்றும் சொல்வார்கள். கெஸ்டுக்குள் ஓடுகிற லினக்ஸுக்குத் தான் ஒரு சாஃப்ட்வேருக்குள் இருப்பது தெரிய வேண்டியதில்லை. தனக்கென்று ஒரு மதர்போர்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு இருப்பதாக அது நம்புகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாகக் காட்டுகிற கார்டின் பெயர் இன்டெல் புரோ/1000 எம்டி டெஸ்க்டாப். இன்டெல் நிஜமாகவே விற்ற கார்டு அது. அதன் நடத்தையை அப்படியே சாஃப்ட்வேரில் எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸும் தன்னிடம் இருக்கிற இ1000 டிரைவரை ஏற்றிக்கொண்டு, இருக்கிறது என்று நம்பின கார்டோடு பேசுகிறது. அந்தக் கார்டின் மேக் அட்ரஸ் 08:00:27 என்று தொடங்கும். லேபில் இந்த மூன்று எண்ணைப் பார்த்தால் விர்ச்சுவல்பாக்ஸ் என்று சொல்லிவிடலாம். விஎம்வேர் என்றால் 00:0சி:29, கியூஇஎம்யூ என்றால் 52:54:00.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் பல பெட்டிகள் தெரிந்து மிரட்டும். அதில் உண்மையான கேள்வி இரண்டுதான். ஒன்று, எந்தக் கார்டு மாதிரி நடிக்க வேண்டும் என்பது. இதை மாற்ற வேண்டிய தேவை அபூர்வம். பழைய விண்டோஸ் எக்ஸ்பி போடுகிறவர்கள் அதற்குத் தெரிந்த புரோ/1000 டி சர்வர் கார்டைத் தேர்ந்தெடுப்பார்கள். வேகம் வேண்டுகிறவர்கள் விர்ட்ஐஓ போடுவார்கள், அதில் நடிப்பே கிடையாது, தான் விர்ச்சுவல் மெஷின் என்பது கெஸ்டுக்கும் தெரியும். இரண்டாவது கேள்வி 'அட்டாச்டு டு' என்ற பெட்டியில் இருக்கிறது: அந்தக் கார்டிலிருந்து புறப்படுகிற ஒயர் எங்கே போய்ச் செருகியிருக்கிறது? நேட், பிரிட்ஜ்டு, ஹோஸ்ட்-ஒன்லி, இன்டர்னல், நேட் நெட்வொர்க் என்று வரிசையாக வருவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்கள். கீழே 'கேபிள் கனெக்டட்' என்று ஒரு டிக் கூட உண்டு. அதை எடுத்துவிட்டால், ஒயரைப் பிடுங்கின மாதிரியே கெஸ்ட் நடந்துகொள்ளும். நெட்வொர்க் அறுந்தால் நம் புரோகிராம் என்ன செய்கிறது என்று பார்க்க நல்ல வசதி.

"இதுல எதைப் போடணும்ணா?"

அதை நேரடியாகச் சொல்ல முடியாது. யார் யாரோடு பேச வேண்டும், பேச்சை யார் தொடங்குவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்குப் பதில் தெரிந்தால் பெட்டி தானே தெரிந்துவிடும். இதைக் கேட்காமல் யூடியூபில் யாரோ பிரிட்ஜ்டு போட்டார்கள் என்று நாமும் போட்டால், அவர்கள் வீட்டில் ஓடும், நம் வீட்டில் ஓடாது.

நேட்டிலிருந்து தொடங்கினோம். புது மெஷின் உருவாக்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் தானாகப் போடுவது அதைத்தான். ஃபோன் வீட்டுக்கு வீடு இல்லாத காலத்தில், விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு நம்பர் என்று அர்த்தம். அங்கே போய் யாருக்கு வேண்டுமானாலும் ஃபோன் செய்யலாம். எதிரில் இருக்கிறவருக்குத் தெரிவது பக்கத்து வீட்டு நம்பர்தான். நேட் அப்படியே. கெஸ்ட் வெளியே பேசும்போது ஹோஸ்டின் பெயரில் பேசுகிறது. பதில் வந்தால், யார் பேசினது என்று குறித்து வைத்திருப்பதால் சரியான ஆளிடம் கொடுத்துவிடும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தானாகக் கூப்பிட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரை அழைப்பது என்று தெரியாது, வைத்துவிடுவார். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் கதை வேறு. அந்தச் சொல்லிவைப்புக்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங்: ஹோஸ்டில் 2222-க்கு யார் வந்தாலும் கெஸ்டின் 22-க்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதினால், லேப்டாப்பிலிருந்து 127.0.0.1, போர்ட் 2222 என்று கொடுத்து எஸ்எஸ்ஹெச் போகலாம்.

தம்பி பி.பி. நம்பரைப் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்குள் அது போய்விட்டது. டீ போட்டுக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார்.

அவன் சிக்கலுக்குக் காரணம் இதற்கு அடுத்த படி. விர்ச்சுவல்பாக்ஸின் நேட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக ஒரு பக்கத்து வீடு. முதல் மெஷினுக்கு ஒரு குட்டி ரூட்டர், இரண்டாவதற்கு இன்னொரு குட்டி ரூட்டர். இரண்டு ரூட்டரும் 10.0.2.2 என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும், இரண்டும் டிஎன்எஸ் கேட்க 10.0.2.3-ஐக் காட்டும், இரண்டும் தன் ஒரே வாடிக்கையாளருக்கு 10.0.2.15 கொடுக்கும். ஒன்றுக்கொன்று தெரியாது, அதனால் மோதலும் இல்லை. அவன் நினைத்தது போல ஒரே லேப்டாப் என்பதால் ஒரே எண் வரவில்லை. இரண்டும் தனித்தனித் தீவு என்பதால் வந்தது.

இந்த 10.0.2.15-க்கு ஒரு முன்கதை உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது சென்னை போன்ற பெருநகரங்களில் இரண்டு வகைக் கணக்கு கிடைத்தது. ஒன்று முழுமையான டிசிபி/ஐபி கணக்கு, விலை அதிகம். மற்றது ஷெல் கணக்கு: கறுப்புத் திரை, எழுத்து மட்டும், மாணவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலை. இந்த ஷெல் கணக்குத் தொல்லை உலகம் முழுக்க இருந்தது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் ஸ்லர்ப் என்று ஒரு புரோகிராம் எழுதினார். ஷெல் கணக்குக்குள் அதை ஓடவிட்டால், அந்த முனையில் அட்மின் யாரையும் கேட்காமலே, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முழு இன்டர்நெட் கிடைத்த மாதிரி ஆகிவிடும். எல்லாப் பேச்சையும் ஸ்லர்ப் தன் பெயரில் பேசி, பதிலை வாங்கித் தரும். பின்னாளில் விர்ச்சுவல் மெஷின் எழுதியவர்களுக்கு இதே வேலை தேவைப்பட்டது. கியூஇஎம்யூ, விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டும் ஸ்லர்ப்பையே எடுத்துப் போட்டுக்கொண்டன. 10.0.2.15 அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண். ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலும் இதே எண்தான் இருக்கும். ஆப் எழுதுகிறவர்கள் தங்கள் லேப்டாப்பில் ஓடும் சர்வரை அதற்குள்ளிருந்து 10.0.2.2 என்று கூப்பிடுவது இதனால்தான். ஷெல் கணக்கு மட்டும் வைத்திருந்தவர்களுக்காக எழுதின குறுக்குவழி, முப்பது வருஷம் கழித்து ஒரு மாணவனைக் குழப்பிக்கொண்டிருக்கிறது.

ஆக, கெஸ்ட் பேச்சைத் தொடங்கி வெளியே போனால் போதும், அப்டேட் இறக்க வேண்டும், பிரவுசர் திறக்க வேண்டும் என்கிற அளவில் நேட் மாதிரி நிம்மதி எதுவும் இல்லை. வீட்டு வைஃபையோ செல்ஃபோன் ஹாட்ஸ்பாட்டோ கல்லூரி ஒயரோ, ஹோஸ்டுக்கு நெட் இருந்தால் கெஸ்டுக்கும் இருக்கும். ஒரே ஒரு இடத்தில் வாரும். கல்லூரி நெட்வொர்க்கும் 10.0.2 என்ற வரிசையையே பயன்படுத்தினால், அந்த வரிசையில் இருக்கிற கல்லூரி சர்வரை கெஸ்ட் தன் குட்டி ரூட்டருக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அப்போது விர்ச்சுவல்பாக்ஸின் நேட் வரிசையை மாற்ற வேண்டியதுதான்.

"அப்ப பிரிட்ஜ்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடுமாண்ணா? கிளாஸ்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

பிரிட்ஜ்டில் கெஸ்டின் ஒயர் நேராக வெளி நெட்வொர்க்கில் போய்ச் செருகிக்கொள்கிறது. வீட்டு ரூட்டர் அதையும் இன்னொரு கம்ப்யூட்டராகவே பார்த்து 192.168.1 வரிசையில் ஒரு எண்ணைக் கொடுக்கும். லேப்டாப், அக்காவின் செல்ஃபோன், டிவி, விர்ச்சுவல் மெஷின் எல்லாம் ஒரே வரிசை. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் முதலில் கூப்பிடலாம். செல்ஃபோனிலிருந்து கெஸ்டில் ஓடும் அபாச்சியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றால் இதுதான் சுருக்கமான வழி.

ஆனால் தம்பிக்கு நெட் வருவது செல்ஃபோன் ஹாட்ஸ்பாட்டில். இங்கே பிரிட்ஜ்டு தகராறு செய்யும், காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. வைஃபையில் லேப்டாப் முதலில் தன் மேக் அட்ரஸைச் சொல்லி, பாஸ்வேர்டு கொடுத்து, அனுமதி வாங்குகிறது. அனுமதி அந்த ஒரு மேக் அட்ரஸுக்குத்தான். பிறகு 08:00:27 என்று இன்னொருவர் அதே ரேடியோ வழியாகப் பேசினால், "நீ யார்?" என்று அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஒயர் செருகின நெட்வொர்க்கில் இந்தக் கட்டுப்பாடு வழக்கமாக இல்லை. அதனால் வைஃபையில் பிரிட்ஜ் செய்யும்போது விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு தந்திரம் செய்கிறது: வெளியே போகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் கெஸ்டின் மேக்கை அழித்து லேப்டாப்பின் மேக்கை எழுதி அனுப்புகிறது, திரும்பி வருவதில் ஐபி எண்ணைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. பல ரூட்டர்களில் இது ஓடிவிடும். சிலதில் ஓடாது. ஹாட்ஸ்பாட்டில் ஓடினாலும், செல்ஃபோனை அணைத்து எழுப்பினால் எண் மாறிவிடக்கூடும்; நேற்று எழுதி வைத்த அட்ரஸ் இன்று செல்லாது.

இன்னும் இரண்டு விஷயம். பிரிட்ஜ்டு என்று தேர்ந்தெடுத்ததும் கீழே 'நேம்' என்று ஒரு பெட்டி வரும், லேப்டாப்பில் இருக்கிற நிஜக் கார்டுகளின் பெயர் அதில் இருக்கும். வைஃபையில் உட்கார்ந்துகொண்டு அதில் ஈதர்நெட் கார்டைக் காட்டியிருந்தால் ஒன்றும் வராது. வகுப்பில் பாதிப் பேருடைய பிரச்சினை இதுவாகத்தான் இருக்கும். அடுத்தது, கல்லூரி லேபில் கேட்காமல் பிரிட்ஜ்டு போடாதே என்று தம்பியிடம் சொன்னேன். பல இடங்களில் ஒரு சாக்கெட்டுக்கு ஒரு மேக் என்று சுவிட்சிலேயே பூட்டு போட்டிருப்பார்கள். இரண்டாவது மேக் தெரிந்ததும் அந்த சாக்கெட் அணைந்துவிடும், பக்கத்து மேசைக்காரன் உன்னைத் தேடி வருவான். பூட்டு இல்லையென்றால் அதைவிட மோசம். உபுண்டு, உபுண்டு என்று யூசரும் பாஸ்வேர்டும் வைத்த உன் மெஷின் கல்லூரி முழுக்கத் தெரியும்.

செல்ஃபோன் நெட்டைப் பற்றி ஒரு சின்ன விலகல். உலகத்தில் ஐபிவி4 எண்கள் மொத்தம் 430 கோடி சுமார். ஆளுக்கு ஒன்று கொடுக்கக்கூடப் போதாது. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் 10 என்று தொடங்குவது, 172.16-லிருந்து 172.31 வரை, 192.168 என்ற மூன்று வரிசைகளை வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. காஞ்சிபுரத்திலும் கனடாவிலும் வீட்டு ரூட்டர் 192.168 என்று தொடங்குவது அதனால்தான். இப்போது தம்பியின் மெஷினிலிருந்து ஒரு பாக்கெட் கிளம்பினால் விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு நேட் செய்கிறது, ஹாட்ஸ்பாட் கொடுக்கிற செல்ஃபோன் ஒரு நேட் செய்கிறது, பல மொபைல் நிறுவனங்கள் தங்கள் பக்கத்தில் இன்னொரு நேட் செய்கின்றன. மூன்று இடத்தில் பெயர் மாறிப் போய்த்தான் கூகுளைப் பார்க்கிறது. உள்ளே இருக்கிறவர் பேச்சைத் தொடங்குகிறவரை எத்தனை அடுக்கு இருந்தாலும் தெரியவே தெரியாது. வெளியே இருக்கிற நண்பன் இவன் மெஷினைக் கூப்பிட வேண்டும் என்றால் மூன்று அடுக்கும் சேர்ந்து மறிக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் மட்டும் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஹோஸ்ட்-ஒன்லி எனக்குப் பிடித்தது. இதில் விர்ச்சுவல்பாக்ஸ் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு தனி நெட்வொர்க்கைக் கட்டுகிறது. லேப்டாப்புக்கு அதில் 192.168.56.1, மெஷின்களுக்கு வழக்கமாக 192.168.56.101-லிருந்து வரிசையாக. மெஷின்கள் ஒன்றோடொன்று பேசும், லேப்டாப்போடும் பேசும், யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். வெளியே மட்டும் போகாது. நெட் இல்லாவிட்டாலும், ஹாட்ஸ்பாட் போட டேட்டா தீர்ந்துவிட்டாலும், இது பாட்டுக்கு ஓடும். எண்ணும் ஊருக்கு ஊர் மாறாது. படிக்கிற பிள்ளைக்கு இதைவிடத் தோதானது கிடையாது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இதற்கு வேறு வரிசை வைக்க முயல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28-லிருந்து, லினக்ஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் 192.168.56-லிருந்து 192.168.63 வரைதான் அனுமதி. வேறு வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதித் தர வேண்டும்.

"வெளிய போகலன்னா அப்டேட் எப்படிண்ணா போடறது?"

ஒரு மெஷினுக்கு ஒரே கார்டு என்று யார் சொன்னது? செட்டிங்ஸில் நான்கு அடாப்டர் கண்ணுக்குத் தெரியும், கமாண்ட் வழியாகப் போனால் எட்டு வரை வைக்கலாம். முதலாவதை நேட்டாக விட்டுவிடு, அது வெளியே போக. இரண்டாவதை ஹோஸ்ட்-ஒன்லியாக வை, அது உள்ளே பேச. வேலைக்குப் போன இடங்களில் நான் அதிகம் பார்த்த ஏற்பாடு இதுதான்.

செய்து பார்த்தோம். மெஷினை அணைத்து, அடாப்டர் 2-ஐ இயக்கி, ஹோஸ்ட்-ஒன்லி என்று வைத்து, மறுபடி எழுப்பினான். 'ஐபி ஏ' அடித்தான். முதல் கார்டு இஎன்பி0எஸ்3, அதற்குப் பழைய 10.0.2.15 இருக்கிறது. இரண்டாவது கார்டு இஎன்பி0எஸ்8 என்று தலைகாட்டுகிறது, ஆனால் 'டவுன்', எண் இல்லை. முகம் தொங்கிவிட்டது.

விர்ச்சுவல்பாக்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. கார்டைச் செருகி, ஒயரும் போட்டுவிட்டது. மிச்சம் கெஸ்டின் வேலை. அவன் போட்டிருந்தது உபுண்டு சர்வர். நிறுவும்போது இருந்த கார்டைப் பற்றி மட்டும்தான் நெட்பிளான் ஃபைலில் எழுதியிருக்கும். பிறகு வந்த கார்டை யாராவது எழுதினால்தான் அது எழுப்பும். அந்த ஃபைலைத் திறந்து, இஎன்பி0எஸ்3-க்கு இருந்த இரண்டு வரியை அப்படியே கீழே இஎன்பி0எஸ்8-க்கும் எழுதினான். இடைவெளி ஒரு எழுத்து பிசகினாலும் அந்த ஃபைல் கோபித்துக்கொள்ளும், டேப் அடித்தால் சுத்தமாக ஏற்காது, ஸ்பேஸ்தான் அடிக்க வேண்டும். 'நெட்பிளான் அப்ளை' கொடுத்ததும் 192.168.56.101 வந்தது.

அடுத்த மெஷினிலும் அதையே செய்தான். அங்கேயும் 192.168.56.101.

"திரும்பவுமாண்ணா!"

இந்தத் தடவை காரணம் வேறு. இரண்டாவது மெஷினை அவன் புதிதாக நிறுவவில்லை, முதலாவதைக் குளோன் எடுத்திருந்தான். எல்லோரும் செய்வதுதான், அரை மணி நேரம் மிச்சம். குளோன் எடுக்கும்போது மேக் அட்ரஸைப் புதிதாகப் போடச் சொல்லி ஒரு தேர்வு இருக்கிறது, அதை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்திருந்தான். ஆனாலும் எண் வழங்குகிற டிஹெச்சிபி, ஆளை மேக்கை வைத்து மட்டும் அடையாளம் காண்பதில்லை. கெஸ்ட் ஒரு அடையாளத்தை அனுப்பினால் அதைத்தான் பார்க்கும். உபுண்டு சர்வர் அந்த அடையாளத்தை மெஷின்-ஐடி என்ற ஃபைலிலிருந்து தயாரிக்கிறது. குளோனில் அந்த ஃபைலும் சேர்ந்து நகலாகிவிட்டது. கேட்டது இரண்டு பேர், காட்டினது ஒரே ரேஷன் கார்டு என்கிற நிலை. குளோனில் மெஷின்-ஐடியை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும். இல்லையென்றால் நெட்பிளானில் 'டிஹெச்சிபி அடையாளமாக மேக்கையே வைத்துக்கொள்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தம்பி இரண்டாவதைச் செய்தான். 192.168.56.102. பிங் அடித்ததும் முதல் பதிலுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆனது. மெதுவாக வந்ததற்காக ஒருவன் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். எஸ்சிபி போட்டான், ஃபைல் எதிர் மெஷினில் இருந்தது.

இன்னும் இரண்டு பெட்டி பாக்கி. இன்டர்னல் என்பது மெஷின்கள் தங்களுக்குள் மட்டும் பேசுவது; லேப்டாப்புக்குக்கூட இடம் கிடையாது. எண் வழங்கவும் யாரும் இருக்க மாட்டார்கள், நாமே கையால் வைக்க வேண்டும். வைரஸ் மாதிரியை ஆராய்கிறவர்களுக்கும், ஃபயர்வால் கட்டிப் பழகுகிறவர்களுக்கும் வேண்டியது. நேட் நெட்வொர்க் என்பது பெயரில் மட்டும் நேட்டுக்கு உறவு போலத் தெரியும், வித்தியாசம் பெரிது: மெஷினுக்கு ஒரு ரூட்டர் இல்லாமல், எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரே ரூட்டர். அதனால் ஆளுக்கொரு எண் கிடைக்கும், ஒன்றையொன்று பார்க்கும், வெளியேயும் போகும். லேப் பயிற்சியை மட்டும் முடிக்க வேண்டும் என்றால் இது போதும். நெட்வொர்க் மேனேஜரில் ஒன்றை உருவாக்கி இரண்டு மெஷினையும் அதில் சேர்த்தால் ஆயிற்று. லேப்டாப்பிலிருந்து கெஸ்டைக் கூப்பிட மட்டும் மறுபடி போர்ட் ஃபார்வர்டிங் வேண்டும்.

ஓடவில்லை என்றால் உடனே பெட்டியை மாற்றுகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் நேரத்தைத் தின்பது. முதலில் கெஸ்டுக்கு எண் வந்திருக்கிறதா பார்க்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால் அது கொடுத்த எண் இல்லை, யாரும் கொடுக்காததால் தானே வைத்துக்கொண்டது. எண் சரி என்றால் ரூட்டரைப் பிங் செய். அதுவும் சரி என்றால் 8.8.8.8. அது வந்து, பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு, அடாப்டரைத் தொடாதே. கெஸ்டிலிருந்து விண்டோஸ் ஹோஸ்டைப் பிங் செய்து பதில் வராவிட்டால் பதற வேண்டியதில்லை. பல சமயம் விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்ல விடாது, மற்றதெல்லாம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மேல் சந்தேகம் என்றால், காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது, தமிழிலேயே பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். 2012-லிருந்து வருகிற கணியம் இதழிலும் லினக்ஸைப் பற்றித் தமிழில் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் மேனுவலைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகள் முதலில் அங்கே போகலாம்.

விஎம்வேருக்குப் போனால் பெயர்கள் மாறும். விஎம்நெட்0 என்றால் பிரிட்ஜ்டு, விஎம்நெட்1 ஹோஸ்ட்-ஒன்லி, விஎம்நெட்8 நேட். அங்கே நேட் போட்ட மெஷின்கள் ஒன்றையொன்று பார்க்கும். விர்ச்சுவல்பாக்ஸின் நேட் நெட்வொர்க் போல. லினக்ஸின் கேவிஎம்மிலும் அப்படியே, 192.168.122 வரிசையில். அதனால்தான் விஎம்வேர் போட்ட நண்பனுக்கு ஒரே தட்டில் ஓடின பயிற்சி, இவனுக்கு ஓடவில்லை.

"கம்பெனில இதெல்லாம் கேப்பாங்களாண்ணா? அங்க எல்லாம் ஏடபிள்யூஎஸ்தான."

ஏடபிள்யூஎஸ்ஸில் எழுப்புகிற மெஷினும் விர்ச்சுவல் மெஷின்தான். அதற்குள் போய் 'ஐபி ஏ' அடித்தால் 172.31 என்றோ 10 என்றோ தொடங்குகிற எண்தான் இருக்கும். வெளியே நாம் கூப்பிடுகிற பொது எண் அந்த மெஷினுக்கே தெரியாது. நடுவில் அமேசான் மாற்றிக் கொடுக்கிறது. பொது எண் தராத மெஷின் வெளியே போக வேண்டும் என்றால் அங்கே நேட் கேட்வே என்று ஒன்றைக் காசு கொடுத்து வைக்க வேண்டும், தம்பி இங்கே இலவசமாகப் பார்த்த அதே சங்கதி. வெளியிலிருந்து யார் பேச்சைத் தொடங்கலாம் என்பதைச் செக்யூரிட்டி குரூப் என்ற பட்டியல் தீர்மானிக்கும். பழகுகிறவர்கள் எஸ்எஸ்ஹெச் ஓடவில்லை என்றதும் அதில் போர்ட் 22-க்கு எதிரே 0.0.0.0/0 என்று போட்டுவிடுவார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். போட்டுவிட்டு லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால், முன்பின் தெரியாத எண்களிலிருந்து ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் பெயராகப் போட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது சீக்கிரமே தெரியும். தன் வீட்டுப் பொது எண்ணை மட்டும் அங்கே எழுத வேண்டும். செல்ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் அந்தப் பொது எண் அடிக்கடி மாறும், ஆகவே ஒவ்வொரு தடவையும் போய் மாற்ற வேண்டியிருக்கும். தொல்லைதான், ஆனாலும் செய்ய வேண்டும்.